நேத்து என்ன கொழம்பு?

போன மாதம் ஷாகிரா போன் செய்தாள். "அக்கா, புதுசா ஆளுங்க சேர்ந்திருக்காங்க. ஒருமுறை வந்து பேசிட்டுப் போங்களேன்" என்றாள். முழங்கால் வலி, வர முடியாது என்றேன். வலியெல்லாம் ஒன்றும் இல்லை, வீம்புதான். நான் ஓய்வு பெற்று வந்த பிறகு புது ஆட்களுக்குப் பாடம் சொல்ல ஒரு வீடியோ எடுத்திருந்தார்கள். அதில் யாரோ ஒரு பெண், உதட்டுச் சாயமும் கோட்டுமாக வந்து, கை கழுவுவது எப்படி என்று சிரித்துக்கொண்டே சொல்வாளாம்.

"அதான் வீடியோவுல ஒரு மகராசி இருக்காளே, அவளைக் கூப்புடு" என்றேன்.

"அது ஓட ஆரம்பிச்சா எல்லாரும் தூங்கிடுறாங்க அக்கா. நீங்க வந்தா ஒருத்தன் தூங்குவானா?"

ஐஸ் வைக்கிறாள் என்று தெரிந்தேதான் ஒத்துக்கொண்டேன். ஷாகிரா மரக்காணத்துப் பெண். லேபில் கண்ணாடிக் குடுவை கழுவுகிறவளாகச் சேர்ந்தாள். அவளுக்கும் முதல் வாரப் பாடம் சொன்னது நான்தான். இன்றைக்கு ஆள் சேர்ப்பது, பயிற்சி கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு.

மரக்காணம் என்றால் எல்லோருக்கும் உப்பளம்தான் நினைவுக்கு வரும். பஸ்ஸில் போகிறவர்கள் உப்புக் குவியலைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். சாலைக்கு இந்தப் பக்கம், சவுக்குத் தோப்பைத் தாண்டி, கடலை ஒட்டி நீளநீளமாக ஷெட்டுகள் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. அங்கேதான் இறால் குஞ்சு பொரிக்கிறோம். ஹேச்சரி என்பார்கள். கடல் தண்ணீரை மோட்டாரில் இழுத்து, வடிகட்டி, மருந்து போட்டுச் சுத்தம் செய்து தொட்டியில் நிரப்பி, தாய் இறாலை முட்டையிட வைத்து, குஞ்சை வளர்த்து, காற்றடைத்த பையில் போட்டு ஆந்திரா வரைக்கும் பண்ணைகளுக்கு அனுப்புவோம். குஞ்சு என்றால் என்னவோ என்று நினைக்காதீர்கள். கண்ணிமை முடியில் பாதிகூட இருக்காது. அதைச் சாகாமல் வளர்ப்பது பச்சைக் குழந்தையை வளர்ப்பதைவிடப் பெரும்பாடு.

நான் தரை கழுவத்தான் அங்கே சேர்ந்தேன். அப்புறம் தொட்டி கழுவினேன், தீனி போட்டேன், குஞ்சு பிடித்தேன், ஷெட்டுக்கு சூப்பர்வைசர் ஆனேன். கடைசியில் புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் வாரம் என்னிடம்தான் அனுப்பினார்கள். என் வாய்க்குப் பயந்து ஓடாமல் இருந்தால் எந்த வேலைக்கும் ஓடமாட்டார்கள் என்பது கணக்கு.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் அப்போதைய மேனேஜர் தாமோதரன் சார். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். வேட்டி கட்டினால் கோயில் தர்மகர்த்தா மாதிரி இருப்பார். காலையில் எங்களுக்கு முன்னால் கேட்டில் நிற்பார். கேட்டுக்கு உள்ளே ஒரு சிமெண்ட் பள்ளத்தில் ஊதா நிறத்தில் மருந்துத் தண்ணீர் இருக்கும். வருகிறவர்கள் அதில் பூட்ஸ் காலை முக்கி எடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். முதலாளியே வந்தாலும் அதேதான். ஒருமுறை முதலாளியின் மச்சான் புது லெதர் ஷூவோடு வந்து, "இதை எப்படி சார் முக்குறது?" என்று நின்றார். தாமோதரன் சார் தன் காலை முக்கிக் காட்டி, ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடியை அவர் முன்னால் வைத்தார். அவரும் வாயை மூடிக்கொண்டு மாட்டினார்.

காலை முக்கிவிட்டு வரும் ஒவ்வொருவரிடமும் சார் ஒரு கேள்வி கேட்பார். "நேத்து வீட்ல என்ன கொழம்பு?"

நான் சேர்ந்த புதிதில், என்னடா இது, பெண் பார்க்க வந்தவர் மாதிரி கேட்கிறாரே என்று நினைத்தேன். விஷயம் அதுவல்ல. கடலில் இருக்கிற இறாலுக்கும் நண்டுக்கும் வெள்ளைப்புள்ளி என்று ஒரு நோய் வரும்.

"மனுஷனுக்கு அது ஒண்ணும் பண்ணாது. கொழம்பு வெச்சுத் தின்னுட்டுப் போயிக்கிட்டே இருக்கலாம். ஆனா எறா உரிச்ச கையில, உடுத்தின துணியில அது ஒட்டிக்கிட்டு உள்ள வந்துச்சுன்னா இங்க இருக்கிற குஞ்சு மொத்தமும் போயிடும் அஞ்சலை" என்று சார் விளக்கினார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் யார்? கடலோரத்துக் குப்பத்து ஜனம். எங்கள் வீட்டில் காய்கறி வாங்கினால்தான் அக்கம்பக்கம் என்ன விசேஷம் என்று கேட்கும். இறால் சீசனில் எங்கள் தெருவில் நடந்து போனால் சட்டையில்கூட அந்த வாசனை ஏறும். எங்களைப் போய் இறாலைத் தொடாதே என்றால்?

சேர்ந்த முதல் வாரத்திலேயே மாட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வலையில் நல்ல இறால் விழுந்து, ஆசையாகக் கொண்டுவந்து கொட்டினார். உரித்தேன், குழம்பு வைத்தேன், தின்றேன். காலையில் சார் கேட்டதும் பொய் சொல்ல வாய் வரவில்லை. "எறா சார்" என்றேன். அன்றோடு வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு சார்."

"சரி. இன்னிக்கு உள்ள வராத. வெளியில தார்ப்பாய் கழுவிப் போடு. சம்பளம் வழக்கம் போலத்தான்."

தார்ப்பாயைக் கழுவிக்கொண்டே அவரைக் கேட்டேன், தப்பு செய்தவளுக்கு ஏன் சார் முழுச் சம்பளம் என்று. அவர் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "சொன்னவளுக்குச் சம்பளத்தை வெட்டினா நாளையிலேர்ந்து அத்தனை பேர் வீட்டுலயும் சாம்பார்தான் அஞ்சலை. அப்புறம் இந்த மரக்காணத்துல எறா தின்ன ஆளே இருக்க மாட்டான்."

ஒருவன் இதைச் சாக்காக வைத்து தினமும் "எறா சார்" என்று சொல்லி வெளியே காற்று வாங்கிக்கொண்டிருந்தான். சார் கோபப்படவில்லை. கழிவுத் தண்ணீர் வாய்க்காலைத் தூர்வார விட்டார். அந்த வாரத்தோடு அவன் வீட்டில் இறால் வருவது நின்றுவிட்டது. நானும் என் வீட்டில் இறாலை நிறுத்தினேன். "கடக்கரையில பொறந்துட்டு எறா திங்காதவ நீ ஒருத்திதான்டி" என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு நான் பாடம் சொல்ல ஆரம்பித்தபோது இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன். முதல் நாள் யாரையும் தொட்டி பக்கமே விடமாட்டேன். கை கழுவச் சொல்வேன். நகத்துக்குள் தேய்க்கவில்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து. பூட்ஸைக் கழட்டினால் கழுவித் தலைகீழாக ஆணியில் மாட்டவேண்டும். நிமிர்த்தி வைத்தால் உள்ளே தண்ணீர் தங்கி நாறும். ஒவ்வொரு தொட்டிக்கும் தனி வாளி, தனி மக்கு, தனி வலை. ஒன்று மாறக் கூடாது. "ஒருத்தன் பல்லு வெளக்குற பிரஷ்ஷை இன்னொருத்தன் வாயில வெப்பியாடா?" என்று கேட்பேன். சிரிப்பார்கள். ஆனால் மறக்கமாட்டார்கள். கடைசியாக அந்தக் குழம்புக் கேள்வி. "உள்ளதைச் சொல்லு. சொன்னா ஒண்ணும் ஆவாது. நான் இருக்கேன்." எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பேனோ, கணக்கே கிடையாது.

செல்வராணியிடமும் சொன்னேன்.

பக்கத்துக் குப்பத்துப் பெண். புருஷன் இல்லை. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த ஒரே மகள். மாமியார் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். ஒரே அறை வீடு. முதல் நாள் என் பாடத்தை முழுக்கக் கேட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"அக்கா, எங்க மாமியா எறா உரிச்சு விக்கிறவங்க. நீங்க கேக்குற கேள்விக்கு நான் தெனமும் எறான்னுதான் சொல்லணும். அப்ப எனக்கு இங்க வேலை கெடையாதா?"

சாரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் யோசித்தார். கேட்டுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த அறையில் குழாய் போட்டு, குளிக்க இடம் செய்யச் சொன்னார். வீட்டுத் துணியோடு வருவது, அங்கே சோப்பு போட்டுக் குளிப்பது, கம்பெனியில் துவைத்த யூனிபார்மை மாட்டிக்கொண்டு உள்ளே போவது. வீட்டில் இறாலைத் தன் கையால் தொட்டால் மட்டும் சொல்லிவிடவேண்டும். செல்வராணிக்காக வந்த குளியலறைதான். பிறகு எல்லோருக்கும் அதுவே வழக்கமாயிற்று.

அவளை மாதிரி ஒரு ஆளை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. கண்ணாடிக் குடுவையில் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் போதும், "இதுங்களுக்குப் பசி அக்கா" என்பாள், "இன்னிக்கு மந்தமா இருக்குதுங்க, லேபுக்கு அனுப்புங்க" என்பாள். லேபில் பார்த்தால் அப்படியேதான் இருக்கும். சுருக்கமாகச் சொன்னால், என் இடத்துக்கு அடுத்து அவள்தான் என்று நான் முடிவே செய்துவிட்டேன். அவளுக்கு வேண்டியது பர்மனென்ட். பர்மனென்ட் ஆகிவிட்டால் பி.எஃப். உண்டு, ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனி பார்த்துக்கொள்ளும். "அப்புறம் எம்பொண்ணு காலேஜ் வரைக்கும் எனக்குக் கவலை இல்லக்கா" என்பாள். வருஷக் கடைசியில் செய்துவிடலாம் என்று சார் சொல்லியிருந்தார்.

வருஷக் கடைசிக்கு முன்னால் தாமோதரன் சார் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். உடம்பு முடியவில்லை. கேட்டில் நின்று குழம்புக் கேள்வி கேட்பது என் வேலையாயிற்று.

புது மேனேஜர் இளவயது. படிப்பாளி, கெட்டிக்காரர், இல்லை என்று சொல்லமாட்டேன். வந்த வாரமே ஒரு உத்தரவு போட்டார். இறாலோ நண்டோ தொட்டுவிட்டு வந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போகவேண்டும், அன்றைய சம்பளம் கிடையாது. "அப்பதான் டிசிப்ளின் வரும்" என்றார். தாமோதரன் சார் சொன்னதை அப்படியே எடுத்துச் சொன்னேன். "அஞ்சலையம்மா, ஜனங்களை நீங்க ரொம்பச் செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க" என்று சிரித்தார்.

அடுத்த வாரத்திலிருந்து எங்கள் குப்பமே சைவமாகிவிட்டது. "என்ன கொழம்பு?" "சாம்பார்." "உங்க வீட்ல?" "சாம்பார்." ஒருத்தி காரக்குழம்பு என்றாள், அவளுக்கு மட்டும் கொஞ்சம் கற்பனை இருந்தது. சாம்பார் என்று சொன்ன வாயில் இறால் வாசனை அடித்தது. மேனேஜருக்கோ சந்தோஷம். பார்த்தீர்களா, டிசிப்ளின் வந்துவிட்டது என்றார்.

அந்த சீசனில் கடல் அள்ளிக் கொடுத்தது. வீட்டுக்கு வீடு இறால். அப்படியொரு காலையில் கேட்டில் வரிசை நிற்கிறது. வழக்கம் போல ஒவ்வொருவராக சாம்பார் சொல்லிவிட்டு உள்ளே போகிறார்கள். செல்வராணி முறை வந்தது.

"எறா அக்கா" என்றாள். "மாமியாவுக்கு ஜொரம். கல்யாண ஆர்டர் ஒண்ணு இருந்துச்சு. நான்தான் உக்காந்து மொத்தத்தையும் உரிச்சேன்."

நான் அவளைப் பக்கத்தில் இழுத்தேன். "ஏண்டி, சம்பளம் போயிடும்னு தெரியுமில்ல? குளிச்சிட்டுப் போயிருக்கலாமே?"

"ஆறாம் தொட்டியில குஞ்சு ரொம்பச் சின்னதா இருக்குது அக்கா. குளிச்சாலும் நகத்துல இருந்துச்சுன்னா? ஒரு நாள் சம்பளந்தானே, போனாப் போவுது." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "சொன்னா ஒண்ணும் ஆவாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள்.

"ஆவாது. வீட்டுக்குப் போ. நாளைக்கு வா" என்றேன். வேறென்ன சொல்வேன்?

சில நாள் கழித்து ஆறாம் தொட்டியில் குஞ்சுகள் சுருண்டன. அப்புறம் பக்கத்துத் தொட்டி, அதற்கடுத்தது. லேபில் வெள்ளைப்புள்ளி என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஷெட் முழுவதிலும் மருந்தைக் கொட்டி, இருந்த உயிரையெல்லாம் கொன்று, தொட்டிகளைக் காலி செய்தோம். வளர்த்த கையாலேயே பிளீச்சிங் பவுடரைக் கொட்டும்போது செல்வராணி வாய்விட்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அழுதால் மற்றவர்கள் வேலையை நிறுத்திவிடுவார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

முதலாளிக்கு மேனேஜர் பதில் சொல்லியாகவேண்டும். யார் இறாலைத் தொட்டுவிட்டு வந்தது என்று விசாரித்தார். அத்தனை பேரும் சாம்பார். ஒரே ஒருத்தி மட்டும், தன் வாயால், அத்தனை பேர் முன்னால், இறால் என்று சொல்லியிருந்தாள்.

அவளை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று கேட்டதும் நேராக அவர் அறைக்குப் போனேன். "சார், அவ அன்னிக்கு உள்ளயே வரலை. கேட்டோட திருப்பி அனுப்பிட்டேன். உள்ள போனவங்களை விட்டுட்டு வெளியில நின்னவளைப் புடிக்கிறீங்களே, இது என்ன நியாயம்?"

"அன்னிக்குச் சொன்னா, சரி. அதுக்கு முன்னாடி எத்தனை நாள் சொல்லாம வந்தாளோ? அவ வீடே எறா யாவாரம். அவளே ஒத்துக்கிட்டா."

"ஒத்துக்கிட்டதாலதான் சார் அவளை நம்பணும்!"

என் குரல் ஷெட் வரைக்கும் கேட்டதாம். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "முடிவு எடுத்தாச்சு" என்றார்.

வரிசையில் நின்ற பெண்களிடம் போனேன். நாங்களும்தான் உரித்தோம் என்று எல்லோரும் சேர்ந்து சொன்னால் எல்லோரையுமா அனுப்புவான் என்று கேட்டேன். ஒருத்தி தரையைப் பார்த்தாள். ஒருத்தி, "எனக்கு மூணு புள்ளைங்க அக்கா" என்றாள். அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. தாமோதரன் சாருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "நான் பேசினா இப்ப யாரும்மா கேப்பாங்க?" என்றார். ஆனாலும் பேசிப் பார்த்தார். முதலாளி போனை எடுக்கவில்லை.

செல்வராணி யூனிபார்மைத் துவைத்து மடித்துக் கொடுத்தாள். பூட்ஸைக் கழுவினாள். கோபத்தில் விசிறி அடித்துவிட்டுப் போயிருக்கலாம். தலைகீழாகத்தான் ஆணியில் மாட்டினாள். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கேட்டைத் தாண்டும்போது மட்டும் திரும்பி, "ஆறாம் தொட்டி மக்குல விரிசல் இருக்குது அக்கா, மாத்திடுங்க" என்றாள். படுபாவி, அந்த நேரத்திலும் அவளுக்கு மக்கு ஞாபகம்.

நோய் வந்தது வெளியூரிலிருந்து வாங்கிய தாய் இறாலோடு என்று பின்னால் லேபில் கண்டுபிடித்தார்கள். அதற்குள் அந்த மேனேஜர் வேறு கம்பெனிக்கு இன்னும் பெரிய சம்பளத்தில் போயிருந்தார். செல்வராணியைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று நான் கேட்காத நாள் இல்லை. கடைசியில் ஒத்துக்கொண்டு, கூப்பிடச் சொன்னார்கள். ஓடினேன். அவள் ஆரோவில் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் பாத்ரூம் கழுவப் போய்க்கொண்டிருந்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். "வேணாங்க்கா. அந்தக் கேட்டுல நின்னு இன்னொரு தடவை பதில் சொல்ல என்னால முடியாது" என்றாள். குஞ்சின் பசியைக் கண்ணால் பார்த்துச் சொன்னவள் யாரோ வெள்ளைக்காரன் குளித்த பாத்ரூமைத் தேய்க்கிறாள். டீயைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

ஷாகிரா சொன்ன நாளில் கம்பெனிக்குப் போனேன். இப்போதிருக்கிற மேனேஜர் நல்ல மாதிரி. பழைய வழக்கத்தையே திரும்பக் கொண்டுவந்துவிட்டாராம். "சொன்னா சம்பளம் கட் இல்லக்கா. வேலைக்கும் ஆபத்தில்ல. அதை உங்க வாயால அழுத்திச் சொல்லுங்க, நம்புவாங்க" என்றாள் ஷாகிரா. சரி என்றேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கை கழுவக் காட்டினேன், மக்கு, வாளி, பல் பிரஷ் கதை எல்லாம் சொன்னேன். ஒருவனும் தூங்கவில்லை. பூட்ஸ் மாட்டுவதைச் சொல்லலாம் என்று ஆணிப் பக்கம் திரும்பினால், வரிசையாக எல்லா பூட்ஸும் நிமிர்ந்து நிற்க, ஒரு ஜோடி மட்டும் கழுவித் தலைகீழாகத் தொங்கியது. யாருடையது என்று கேட்டேன். முன்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள்.

பிறகு என் பழைய கேள்வி. "நேத்து வீட்ல என்ன கொழம்பு?" ஒருவன் ரசம் என்றான், ஒருத்தி பிரியாணி என்றாள். பூட்ஸ்காரப் பெண்ணிடம் வந்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், "சாம்பார் மேடம்" என்றாள்.

அவள் முகவாய் எனக்குத் தெரிந்த முகவாய்.

கூட்டம் கலைந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். "யாரு பொண்ணும்மா நீ?"

"செல்வராணி பொண்ணு. நிவேதா."

"காலேஜ் போகலையா?"

"டிகிரி முடிச்சிட்டேன் மேடம். அம்மாவுக்கு முதுகு வலி, வேலைக்குப் போறதில்ல. அதான் நான் வந்தேன்."

"நேத்து நெஜமாவே சாம்பாரா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மாதான் சொல்லி அனுப்பிச்சாங்க. அங்க கேட்டுல என்ன கொழம்புன்னு கேப்பாங்க, வீட்ல எது ஆக்கினாலும் நீ சாம்பார்னு சொல்லுன்னு." பிறகு தயங்கி, "நீங்கதான் அஞ்சலை அக்காவா?" என்றாள்.

"ஆமா."

"அந்த அக்கா ரொம்ப நல்லவங்கன்னு சொல்வாங்க. ஆனா அவங்களே கேட்டாலும் சாம்பார்னே சொல்லுன்னாங்க."

நான் அவள் பூட்ஸ் பக்கம் திரும்பிக்கொண்டதைப் பார்த்து, கோபித்துக்கொண்டேன் என்று நினைத்துவிட்டாள் போல. பக்கத்தில் வந்தாள். "நேத்து எறாதான் மேடம். நான்தான் உரிச்சேன். இப்ப சொல்லிடட்டுமா? சொன்னா வேலைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

ஆவாதும்மா, நான் இருக்கேன். அவ்வளவுதான் சொல்லவேண்டியது. ஊரில் பாதிப் பேருக்குச் சொன்ன வார்த்தை, நாக்கு நுனியில்தான் இருந்தது. அவள் அம்மாவின் முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஷாகிரா மேடத்தைக் கேளும்மா" என்று சொல்லிவிட்டு, என் செருப்பைத் தேட ஆரம்பித்தேன்.